மின்சாரம் போனால் மறந்துபோகும் வட்டு



கைப்பேசியில் ஒரு செயலியைத் தொட்டு, அது திறக்க இரண்டு வினாடி ஆனாலே இன்று நமக்குப் பொறுமை போய்விடுகிறது. நான் 1987-ஆம் ஆண்டின் கடைசியில் எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை சும்மா இருக்கவேண்டாமே என்று பாலிங் பட்டணத்துக் கடைவீதியில் ஒரு மாடிக்கடையில் நடந்த கணினி வகுப்பில் சேர்ந்தேன். அங்கே இருந்தவை இரண்டே கணினிகள். ஒரு கடிதத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினால், காப்பிக் கடையில் ஒரு கோப்பி-ஓ வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். வேடிக்கைதான், ஆனால் முழுப்பொய் இல்லை.

அந்தக் கணினியை ஒரு காசு செலவில்லாமல் வேகமாக்கும் ஒரு தந்திரம் அப்போது இருந்தது. அதற்கு 'ரேம் வட்டு' என்று பெயர். இந்த வாரம் அந்தத் தந்திரம் எப்படி வேலை செய்தது, எங்கே காலை வாரிவிட்டது என்று பார்ப்போம். பழங்கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதே தந்திரம் இன்று உங்கள் பைக்குள் இருக்கும் கைப்பேசியிலும் வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணினி எதற்காகக் காத்திருந்தது?

ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனிநபர் கணினியை 1981 ஆகஸ்ட் 12-ஆம் நாள் அறிமுகம் செய்தது. அதன் மூளை இன்டெல் 8088 என்ற சில்லு. அது ஒரு வினாடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் முறை துடிக்கும், அதாவது 4.77 மெகாஹெர்ட்ஸ். இன்றைய கைப்பேசிகள் வினாடிக்கு இருநூறு, முந்நூறு கோடி முறை துடிக்கின்றன என்பதால் இது உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் வகுப்பில் நாங்கள் காத்திருந்தது இந்த மூளைக்காக இல்லை. நெகிழ்வட்டுக்காகத்தான். நாங்கள் அதை 'டிஸ்கட்' என்போம்.

ஐந்தேகால் அங்குல அகலம். கறுப்பு உறைக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. அதன்மேல் காந்தப் பூச்சு. தட்டின் ஒவ்வொரு பக்கமும் 40 வட்டத் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 9 துண்டுகள்; துண்டுக்கு 'செக்டர்' என்று பெயர். ஒரு செக்டரில் 512 பைட். இரண்டு பக்கத்துக்கும் பெருக்கிப் பாருங்கள்: 2 × 40 × 9 × 512 = 3,68,640 பைட். இதுதான் பழைய புத்தகங்களில் நீங்கள் பார்க்கும் '360 கிலோபைட் வட்டு'. இன்று நீங்கள் எடுக்கும் ஒரு தற்படம்கூட அதில் அடங்காது.

இப்போது ஒரே ஒரு செக்டரைப் படிக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடுவோம். வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழலும். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 200 மில்லி வினாடி. படிக்கும் முனை முதலில் சரியான தடத்துக்கு நகரவேண்டும். ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்குப் போக 6 மில்லி வினாடி என்று கொள்ளுங்கள். 20 தடம் தாண்டினால் 120. போய் நின்றதும் ஆட்டம் அடங்க ஒரு 15. பிறகு நமக்கு வேண்டிய செக்டர் சுழன்று முனைக்குக் கீழே வரவேண்டும். சராசரியாக அரைச் சுற்று, 100. அந்தச் செக்டர் முனையைக் கடந்துபோக ஒரு சுற்றில் ஒன்பதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 22. மொத்தம் 257 மில்லி வினாடி. கால் வினாடிக்குச் சற்று மேல்.

இதில் ஒரு கொசுறும் உண்டு. வேலையில்லாமல் இரண்டு வினாடி போனால் வட்டைச் சுழற்றும் மோட்டார் தானே நின்றுவிடும். மறுபடி கேட்டால், மோட்டார் வேகம் பிடிக்கும்வரை இன்னும் சற்றுக் காத்திருக்கவேண்டும். 'கிர்ர்ர்... டக், டக், டக்' என்ற அந்தச் சத்தம் என் தலைமுறையில் கணினி கற்ற எவருக்கும் மறக்காது.

கால் வினாடி என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? அந்தக் கால் வினாடியில் 8088 சில்லு 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை துடித்திருக்கும். பெரும்பாலும் சும்மா துடித்திருக்கும்.

கிராணியின் மேசை

இதைப் புரிந்துகொள்ள உங்கள் தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்து ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரட்டு முடிந்து, ஆட்கள் பால்மரக் காட்டுக்குப் போய், பிற்பகலில் பால் வாளிகளோடு வரிசையில் நிற்பார்கள். கிராணி ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து எழுதவேண்டும். செக்ரோல் புத்தகம் முற்றத்துக்கு அப்பால் ஸ்டோர் அலமாரியில் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வோர் ஆளுக்கும் கிராணி எழுந்து, முற்றத்தைத் தாண்டி, பூட்டைத் திறந்து, பக்கத்தைப் புரட்டி, எழுதி, பூட்டிவிட்டுத் திரும்பினால் என்னாகும்? கிராணி எவ்வளவு வேகமாக எழுதுகிறவர் என்பது அங்கே பொருட்டே இல்லை. வரிசை நகராது.

எந்தக் கிராணியும் அப்படிச் செய்யமாட்டார். புத்தகத்தைக் காலையிலேயே மேசைக்குக் கொண்டுவந்துவிடுவார். மாலையில் மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்.

ரேம் வட்டு என்பது அந்த மேசைதான். கணினியில் ரேம் என்னும் நினைவகம் ஏற்கெனவே மூளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சுழலும் தட்டு இல்லை, நகரும் முனை இல்லை. ஒரு பைட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்த 8088-க்கு ஏறத்தாழ 17 துடிப்பு போதும். 512 பைட்டுக்கு 8,704 துடிப்பு. 47.7 இலட்சத்தால் வகுத்தால் 1.8 மில்லி வினாடி. நெகிழ்வட்டில் 257, நினைவகத்தில் 1.8. நூற்று நாற்பது மடங்கு!

அந்த நினைவகம் எங்கிருந்து வந்தது?

எங்கள் கணினியில் 640 கிலோபைட் நினைவகம் இருந்தது. அந்த வகைக் கணினி எடுத்துக்கொள்ளக்கூடிய வழக்கமான உச்ச அளவு அதுதான். வகுப்பு நடத்திய அண்ணன் ஒரு நாள் மூடியைத் திருகு கழற்றித் திறந்து காட்டினார். பலகையின் ஒரு மூலையில் கறுப்புச் சில்லுகள் வரிசைக்கு ஒன்பதாக, நான்கு வரிசை. எட்டு சில்லு போதுமே, ஒரு பைட்டுக்கு எட்டு பிட்தானே என்று கேட்டேன். ஒன்பதாவது, மற்ற எட்டும் தவறு செய்கின்றனவா என்று பார்க்கும் கங்காணி என்றார். இன்றுவரை அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சில சில்லுகளின் முதுகில் 'மலேசியா' என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த ஆச்சரியம் கொஞ்சமில்லை. அமெரிக்கப் பெயர்கொண்ட கணினியின் வயிற்றுக்குள் நம் நாட்டின் பெயர்!

ஆச்சரியப்பட்டிருக்கத் தேவையில்லை. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் தொடங்கியது பினாங்கின் பாயான் லெப்பாசில்தான். அதற்குமுன் அந்த இடம் நெல் வயல். அந்த நாளில் இன்டெல்லின் முதன்மைச் சரக்கே நினைவகச் சில்லுதான். 1970-இல் அது விற்பனைக்கு விட்ட '1103' என்ற சில்லு 1,024 பிட்டை, அதாவது 128 பைட்டை மட்டுமே நினைவில் வைக்கும். மற்ற பன்னாட்டு நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. சிலிக்கான் துண்டை ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் அதைக் கால்களோடு இணைத்து, உறையிட்டுச் சோதிப்பது அங்கே வேலை. நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்தபடி அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பினாங்கிலிருந்து மட்டுமில்லை, கெடா கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் போனவர்கள். எங்கள் லயத்திலிருந்தும் இரண்டு அக்காமார் போனார்கள். மூன்று ஷிப்டு. தீபாவளிக்கு வரும்போது கண் எரிகிறது என்று அடிக்கடி கசக்கிக்கொள்வார்கள். கணினி வரலாற்றுப் புத்தகங்களில் முதலாளிகளின் படம் இருக்கும். இவர்கள் படம் இருக்காது. அதை இங்கே ஒரு வரியாவது சொல்லிவைக்க விரும்புகிறேன்.

முதலில் நினைவகம் யானை விலை. ஐ.பி.எம். கணினியின் தொடக்க மாதிரியில் வெறும் 16 கிலோபைட்தான் இருந்தது. அதில் ரேம் வட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கமுடியாது. சில்லின் கொள்ளளவு 16 கிலோபிட்டிலிருந்து 64, பிறகு 256 என்று ஏறியது. 1985-இல் உலகச் சந்தையில் நினைவகச் சில்லின் விலை சரிந்தது. ஜப்பானிய நிறுவனங்களோடு போட்டிபோட முடியாமல் இன்டெல் அந்த ஆண்டில் இந்த வகைச் சில்லைச் செய்வதையே நிறுத்த முடிவெடுத்தது. விற்றவர்களுக்கு நட்டம், பாலிங் மாடிக்கடைக்கு லாபம். 640 கிலோபைட் கைக்கு எட்டியது. பாதிக்கு மேல் சும்மா கிடந்தது.

டாசை ஏமாற்றுவது எப்படி?

சும்மா கிடக்கும் நினைவகத்தை வட்டாக்குவது எப்படி? இங்கேதான் அழகு இருக்கிறது. டாஸ் என்னும் இயங்குதளத்துக்கு வட்டு எப்படி இருக்கும், எந்தக் கம்பெனி செய்தது என்றெல்லாம் கவலையில்லை. அது கேட்பது ஒன்றே: 'எனக்கு 100-ஆம் எண் செக்டரைக் கொடு.' அந்தக் கேள்வியை வாங்கி, உண்மையான வட்டிடம் பேசி, பதிலைக் கொண்டுவருவது ஓட்டுநர் நிரல் எனப்படும் ஒரு சின்ன இடைத்தரகரின் வேலை. 1983-இல் வந்த டாஸ் 2.0 முதல், புதிய தரகர்களை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்ற வசதி வந்தது.

ரேம் வட்டுத் தரகர் செய்வது இதுதான். கணினி தொடங்கும்போது நினைவகத்தில் ஓர் இடத்தை வளைத்துப் போட்டுக்கொள்வார். உண்மையான வட்டில் முதலில் என்னென்ன இருக்குமோ, எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணை, பெயர்ப் பட்டியல், அவற்றையெல்லாம் அந்த இடத்தின் தொடக்கத்தில் எழுதிவைப்பார். டாஸ் வந்து '100-ஆம் செக்டர்' என்று கேட்டால், 100 × 512 = 51,200; வளைத்த இடத்தின் தொடக்கத்திலிருந்து 51,200 பைட் தள்ளிப் போய் 512 பைட்டை எடுத்துக் கொடுப்பார். எழுதச் சொன்னால் அங்கேயே எழுதுவார். அவ்வளவுதான். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு படியெடுப்பு. டாசுக்குக் கடைசிவரை சந்தேகமே வராது.

1984-இல் வந்த ஐ.பி.எம்.மின் டாஸ் 3.0-இல் இந்தத் தரகர் 'விடிஸ்க்' என்ற பெயரில் கூடவே வந்தார். மைக்ரோசாப்டின் டாஸ் 3.2-இல் அவர் பெயர் 'ரேம்டிரைவ்'. ஆட்டாரி, ஆப்பிள் முதலிய மற்ற கணினிகளிலும் இதே உத்தி உண்டு. எங்கள் கணினியில் ஏ, பி என்று இரண்டு நெகிழ்வட்டு இயக்கிகள் இருந்ததால், ரேம் வட்டுக்கு 'சி' என்ற பெயர் தானாக வந்தது. கணினி தொடங்கும்போது படிக்கும் 'கான்ஃபிக்' கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தோம். 256 கிலோபைட்டில் ஒரு 'சி' பிறந்தது.

வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச் செயலியைத்தான் அப்போது எல்லாரும் பயன்படுத்தினோம். அது சின்ன நினைவகக் காலத்தில் பிறந்தது என்பதால், தன் உடம்பைத் துண்டுதுண்டாக வட்டிலேயே வைத்திருக்கும். ஒரு கட்டளை கொடுத்தால் அதற்கான துண்டை வட்டிலிருந்து எடுத்துவந்து வேலை செய்யும். அடுத்த கட்டளைக்கு வேறு துண்டு. ஒவ்வொரு முறையும் 'கிர்ர்ர், டக், டக்'. அதன் முக்கியமான மூன்று கோப்புகளும் சேர்ந்து 100 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அவற்றை ஏ-விலிருந்து சி-க்குப் படியெடுத்து, அங்கிருந்து தொடங்கினோம். சத்தமே இல்லை! கட்டளை கொடுத்த மறுகணம் திரை மாறியது. நானும் இன்னொரு மாணவனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. புதுக் கணினி வாங்கியதுபோல இருந்தது.

ஆனால் எல்லாமே வேகமாகிவிடவில்லை. இதைக் கவனமாகப் படியுங்கள், தேர்விலும் வாழ்க்கையிலும் பலர் தடுமாறும் இடம் இது. விரிதாளில் ஆயிரம் எண்களைக் கூட்டச் சொன்னால், அது முன்பு எடுத்த நேரத்தையேதான் எடுத்தது. அங்கே காத்திருப்பு வட்டுக்காக இல்லையே. ஒரு வேலைக்கு 60 வினாடி ஆகிறது, அதில் 40 வினாடி வட்டுக்குப் போகிறது என்றால், வட்டு நேரத்தைச் சுழியமாக்கினாலும் 20 வினாடி மிச்சம் இருக்கும். மூன்று மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது, வட்டு நூற்று நாற்பது மடங்கு வேகமானாலும் சரி. ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967-இல் இதே கருத்தை முன்வைத்ததால் இதை அம்டால் விதி என்கிறார்கள். விளம்பரத்தில் 'இத்தனை மடங்கு வேகம்' என்று பார்க்கும்போதெல்லாம், எதில் அத்தனை மடங்கு என்று கேட்டுப் பழகுங்கள்.

ஒரு மாலை இடி

இனி நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் மாதம். பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் பாலிங் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் திரண்டு வரும் நாள்கள்.

எங்களுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்று கைமாறப் போவதாக இருந்தது. வேலை போகிறவர்களுக்கு, எத்தனை ஆண்டு உழைத்தார்களோ அதைப் பொறுத்து இழப்பீடு. அடுத்த நாள் காலை பேச்சுவார்த்தைக்கு, ஒவ்வொருவர் பெயர், அடையாள அட்டை எண், வேலையில் சேர்ந்த ஆண்டு இவை அடங்கிய பட்டியல் வேண்டும் என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வகுப்புக்கு வந்து கேட்டார். அண்ணன் என்னை உட்காரவைத்தார். ஆட்கள் நான்கைந்து பேராகப் படியேறி வந்தார்கள். பழைய அட்டை வைத்திருந்தவர்கள் காட்டினார்கள், இல்லாதவர்கள் வாயால் சொன்னார்கள். வேர்ட்ஸ்டாருக்குத் தமிழ் தெரியாது; பெயர்களை ரோமன் எழுத்தில் அடித்தேன். மூன்று மணி நேரத்தில் 90-க்கும் மேற்பட்ட பெயர்கள்.

நான் அசட்டையாக இருக்கவில்லை. வகுப்பில் சொல்லித்தந்தபடி, பத்துப் பெயருக்கு ஒருமுறை சேமிப்புக் கட்டளையைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். திரையும் 'சேமித்தாயிற்று' என்று ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டது. மின்னல் போலச் சேமித்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

வெளியே ஓர் இடி. விளக்கு அணைந்து, உடனே எரிந்தது. ஒரு வினாடிகூட இருக்காது. கணினியின் மின்வழங்கிக்குள் இருக்கும் சேமிப்பு சில பத்து மில்லி வினாடிக்குத்தான் தாங்கும். 'பீப்' என்று ஒரு சத்தம். கணினி புதிதாகத் தொடங்கியது.

அண்ணன் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார்: "தம்பி, சேவ் பண்ணியிருந்தியா?"

"பண்ணிட்டேண்ணே."

"எதுல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சேமித்ததெல்லாம் சி-யில். சி ஒரு வட்டே இல்லை. கோப்புப் பட்டியலைக் கேட்டேன். தரகர் மறுபடி புதிதாக இடம் வளைத்து, வெற்று அட்டவணை எழுதி, சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். ஒரு கோப்பும் இல்லை.

அண்ணன் திட்டவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தார். இரவு பத்து மணிவரை லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டி, கேட்டதையே மறுபடி கேட்டோம். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஒரு பாட்டி, பிற்பகலில் தன் மகன் கையிலிருந்த அட்டையைக் காட்டி ஆண்டு சொன்னவர், இப்போது திகைத்தார். மகன் அட்டையோடு சுங்கை பட்டாணிக்குக் கிளம்பிப் போய்விட்டான். "ஜப்பான்காரன் போன மறு வருஷம்னு நெனக்கிறேன், ஐயா" என்றார். 1946. ஒரு வருடம் பிசகினாலும் அவருக்குக் கிடைக்கவேண்டிய பணம் குறையும். எனக்குப் பிற்பகலில் அடித்த எண் நினைவுக்கு வரவில்லை. விடியற்காலையில் மகனைத் தேடிப் பிடித்து அட்டையைப் பார்த்த பிறகுதான் அந்த வரியை அடித்தேன். இந்த முறை பி-யில், நெகிழ்வட்டில். சத்தம் போட்டுக்கொண்டு அது எழுதி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் மறக்கிறது?

நெகிழ்வட்டில் எழுதுவது என்றால், காந்தப் பூச்சில் மிகச் சிறிய பகுதிகளை ஒரு திசையில் திருப்பிவைப்பது. திருப்பியபின் அதற்குச் சோறு போடவேண்டியதில்லை. மின்சாரம் போனாலும் அப்படியே கிடக்கும்.

ரேம் சில்லு வேறு வகை. அதற்குள் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அதில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. தொல்லை என்னவென்றால், அது ஓட்டை டின். ஊற்றிய தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். முழுவதும் வற்றுமுன் யாராவது பார்த்து, பாதியாக இருந்தால் மறுபடி நிரப்பவேண்டும். இதற்குப் 'புதுப்பித்தல்' என்று பெயர். ஐ.பி.எம். கணினியில் ஒரு கடிகாரச் சில்லு ஏறத்தாழ 15 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை மணியடிக்கும். அடித்ததும் ஒரு வரிசை பிட்டுகள் நிரப்பப்படும். அப்படி 128 வரிசையையும் சுற்றிவர ஏறத்தாழ 1.9 மில்லி வினாடி. அதாவது நீங்கள் ஒன்றுமே செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், உங்கள் கணினி வினாடிக்கு ஐந்நூறு முறைக்கு மேல் தன் நினைவு முழுவதையும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறது. மின்சாரம் போனால் சொல்லிப்பார்க்க ஆளில்லை.

ஆக, வேகத்துக்கும் மறதிக்கும் காரணம் ஒன்றுதான். நகரும் பாகம் எதுவும் இல்லாமல் வெறும் மின்னூட்டத்தால் எழுதுவதால் வேகம். அந்த மின்னூட்டம் கசிவதால் மறதி.

பிறகு என்ன செய்தோம்?

ரேம் வட்டை விட்டுவிடவில்லை. அதில் எதை வைப்பது என்பதை மாற்றினோம். வேர்ட்ஸ்டாரின் நிரல் கோப்புகள் சி-யில் இருக்கலாம். அவற்றின் மூலப்படி ஏ-வில் பத்திரமாக இருக்கிறது. இடி விழுந்தால் மறுபடி படியெடுக்க அரை நிமிடம். ஆனால் நாம் அடிக்கும் பட்டியல், கடிதம் இவை பி-யில். நிரலின் துண்டுகளைத்தான் ஓயாமல் படிக்கிறோம், கடிதத்தை எப்போதாவதுதான் சேமிக்கிறோம் என்பதால் வேகம் அவ்வளவாகக் குறையவும் இல்லை. யோசித்தால் முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம். நூற்று நாற்பது மடங்கு என்ற எண் கண்ணை மறைத்துவிட்டது.

பின்னாளில் இந்தப் பொறுப்பை மனிதரிடமிருந்து இயங்குதளமே எடுத்துக்கொண்டது. நீங்கள் ஒரு கோப்பைப் படித்தால், விண்டோஸோ லினக்ஸோ அதன் ஒரு படியைச் சும்மா கிடக்கும் ரேமில் தானே வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் அங்கிருந்து தரும். இதற்கு 'கேஷ்' என்று பெயர். என் கருத்தில் ரேம் வட்டைவிட இது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் எது எங்கே இருக்கிறது என்று நாம் நினைவில் வைக்கவேண்டியதில்லை. ஆனாலும் பழைய ஆபத்து முழுக்கப் போகவில்லை. பென்டிரைவில் கோப்பைப் போட்டதும் 'முடிந்தது' என்று திரை சொல்லும். சில வேளைகளில் கடைசித் துண்டுகள் இன்னும் ரேமிலேயே இருக்கும். 'பாதுகாப்பாக வெளியேற்று' என்று ஒரு பொத்தான் இருப்பது அதற்காகத்தான். அதை அழுத்தாமல் பிடுங்கி, பள்ளி ஒப்படைப்புக் கோப்பு திறக்கவில்லை என்று அழுத மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்று நம் கெடாவிலேயே, 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் சில்லுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பாலிங்கிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். உங்களில் சிலர் அங்கே வேலைக்குப் போகக்கூடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. ஒரு நிரல், நெகிழ்வட்டில் சிதறிக் கிடக்கும் 40 செக்டர்களைப் படிக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் 257 மில்லி வினாடி. அதுபோக, கணிப்பு வேலைக்கு 30 வினாடி. அந்தச் செக்டர்களை ரேம் வட்டுக்கு மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் 1.8 மில்லி வினாடி. முழு வேலையும் எத்தனை மடங்கு வேகமாகிறது? கணக்கிடும்முன் உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

2. ரேம் வட்டிலேயே பட்டியலை அடித்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை நெகிழ்வட்டுக்குப் படியெடுக்கிறீர்கள். ஒரு படிக்கு அரை நிமிடம் ஆகிறது. மின்சாரம் போனால் அதிகம் போனால் எவ்வளவு வேலை போகும்? 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால், மூன்று மணி நேர வேலையில் படியெடுக்கவே எத்தனை நிமிடம் செலவாகும்? நீங்கள் எந்த இடைவெளியைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன்?

விடைகள் அடுத்த வாரம்.